ஒன்பது நாளும் ஒரு வீடும்

மெரீனாவில் கடலைப் பார்த்து வட்ட வடிவில் நிற்கும் அந்த வீட்டைச் சுட்டி, 'விவேகானந்தர் தங்கிய வீடு' என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். மேல்சித்தாமூரிலிருந்து பட்டணம் போகும் நாமும் நம் பிள்ளைகளுக்கு அதையே சொல்லி வந்திருக்கிறோம். ஒரு வீட்டின் வரலாறு அவ்வளவுதானா?

1842இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அதைக் கட்டியது மனிதர் வாழ்வதற்கு அன்று; பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கு. உள்ளூரிலேயே பனிக்கட்டி உற்பத்தியானதும் அவ்வணிகம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வளைந்த தாழ்வாரங்களும் சன்னல்களும் அமைத்துக் கிடங்கைக் குடியிருப்பாக்கினார்; நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரால் 'கெர்னன் கோட்டை' என்றழைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கியது ஒன்பது நாட்கள். பின்னர் இராமகிருஷ்ணானந்தர் அங்கிருந்தே மடப்பணியைத் தொடங்கினார். ஐயங்கார் மறைந்தபின், 1906இல் வீடு ஏலம் போயிற்று.

நாம் விரைந்து கடந்துவிடும் பக்கம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. 1917இல் அரசு வாங்கிய அவ்வீட்டில் சகோதரி சுப்புலட்சுமியின் விதவையர் விடுதி குடியேறியது. தாமே குழந்தை விதவையாகி, 1911இல் பட்டம் பெற்றவர் அவர். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமியர் அங்கே தங்கிப் படித்து, ஆசிரியைகளாக வெளியேறினர். பனிக்கட்டி உருகாதிருக்கக் கட்டிய சுவர்களுக்குள், உறைந்துபோன வாழ்வுகள் உருகி ஓடத் தொடங்கின. அவ்வீட்டுக்கு இதைவிடப் பெரிய பயன் வாய்த்ததா?

விவேகானந்தரின் நூற்றாண்டையொட்டி 1963இல் அரசு அதற்கு 'விவேகானந்தர் இல்லம்' எனப் பெயரிட்டது. 1997இல் வீடு இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்தது. சுவாமிகளின் பெருமையையோ மடத்தின் பணியையோ நாம் குறை கூறவில்லை. அவ்வீடு இடிபடாமல் நிற்பதே அப்பெயரால்தான் என்பாருமுண்டு. இருக்கட்டும். ஆனால் ஒன்பது நாள் விருந்தினருக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது. உருகிப்போன சரக்குக்கும் பெயர் நிலைத்தது: அவ்வட்டாரம் மக்கள் வாயில் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்'தான். ஆண்டுக்கணக்கில் அங்கே உண்டு உறங்கிப் படித்த பெண்களுக்கு மட்டும் அவ்வீட்டின் பெயரில் ஓர் எழுத்தும் இல்லை.

பலகையை மாற்றச் சொல்லி நாம் கொடி பிடிக்கப் போவதில்லை. அடுத்த முறை அவ்வீட்டைச் சுட்டும்போது இன்னொரு வாக்கியமும் சேர்த்துச் சொல்வோம்: 'அந்தச் சிறுமியர் படித்த வீடு.'