அகலத் திரையும் அடுத்தவர் கண்ணும்

பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் அலுவலகங்கள் சிலவற்றிலும் இப்போது அல்ட்ராவைட் எனப்படும் நீண்ட மொனிட்டர்களைக் காணமுடிகிறது. 34 அங்குலத் திரையொன்றின் அகலம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். உயரமோ சாதாரண 27 அங்குலத் திரையின் அளவுதான். கூடுதலாகக் கிடைப்பது பக்கவாட்டு இடம் மட்டுமே. பதிவேட்டை ஒருபுறம் வைத்துக்கொண்டு மறுபுறம் கடிதம் தட்டச்சுச் செய்யும் சகோதரிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்பவருக்கும் அந்த 80 சென்ரிமீற்றரும் தெரிகிறது.

முதலில் வேலை வசதியைப் பார்ப்போம். ஒரேயொரு கடிதத்தைத் திரை முழுவதும் விரிப்பதில் பயனில்லை. சரிபாதியாகப் பிரித்தால் பிரிகோடு கண்ணுக்கு நேரே வந்துவிடும். நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். எழுதும் சாளரம் நடுவில் அகலமாகவும் பார்த்தெழுதுபவை இரு ஓரங்களிலும் இருப்பதே நல்லது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இல், விண்டோஸ் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் இப்படிப் பிரிக்கும் மாதிரிகள் தோன்றும். விண்டோஸ் 10 வைத்திருப்போர் மைக்ரோசொப்டின் இலவச பவர்ரோய்ஸ் மென்பொருளிலுள்ள ஃபான்சிசோன்ஸைப் பயன்படுத்தலாம். பகுதிகளை ஒருமுறை வரைந்துவிட்டால், ஷிப்ற் விசையை அழுத்தியபடி சாளரத்தை இழுத்து விடும்போது அது உரிய பகுதியில் பொருந்திக்கொள்ளும்.

இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திறந்துவைக்கும் பழக்கம் இங்குதான் தொடங்குகிறது. காலையில் வந்த பெண்ணின் கோவை வலது ஓரத்தில் அப்படியே கிடக்க, அடுத்தவர் வந்து அமர்கிறார். பெரும்பாலும் இருவரும் ஒரே ஊர். ஒரு பெயரும் வீட்டிலக்கமும் கண்ணில் பட்டால் போதும், மிகுதியை ஊரே எழுதிவிடும். கணவன் அடித்ததை வெளியே சொல்ல ஒரு பெண் எத்தனை வருடங்கள் எடுக்கிறாள் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. விண்டோஸ், கொன்ட்ரோல், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அதே கணனியில் இரண்டாவது மேசைத்தளம் ஒன்று உருவாகும். கோவைகளை அங்கே மட்டும் திறவுங்கள். விண்டோஸ், கொன்ட்ரோல் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்தி ஒரு நொடியில் மாறிக்கொள்ளலாம். வழமையான அமைப்பில், அங்கே திறந்தவை இங்கே கீழ்ப்பட்டியில் தெரிவதில்லை. தேநீர் எடுக்க எழுந்தாலும் விண்டோஸ் விசையுடன் எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டே எழவேண்டும்.

பின்னணிப் படத்திலும் கவனம் தேவை. பயிற்சி முடிவில் எடுத்த குழுப்படத்தை, அல்லது பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் படத்தைப் போடுவது பலருக்கு வழக்கம். சாதாரணப் படத்தை ‘ஃபில்’ முறையில் இட்டால் இத்திரையில் மேலும் கீழுமாக நாலிலொரு பங்கு வெட்டுப்படும். பின்வரிசையினருக்குத் தலையே இராது. ‘ஸ்ட்ரெச்’ என்றால் முகங்கள் மூன்றிலொரு பங்கு அகன்றுவிடும். ‘ஃபிற்’ முறையில் படம் முழுதாக வரும், இருபுறமும் வெற்றுப்பட்டை விழும். அளவுப் பிரச்சினை அப்படித் தீர்ந்தாலும், உதவி நாடி வந்தவரின் முகம் அலுவலகச் சுவரில் மாட்டியதுபோல அங்கே இருப்பது சரியல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர் பற்றிய தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது.

படத்தின் மேல் கிடக்கும் கோப்புகளின் பெயர்களையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். ஆளின் பெயரையும் முறைப்பாட்டையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெயருக்குப் பதில் இலக்கமிடுங்கள். வெற்றிடத்தில் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி, ‘வியூ’ என்பதன் கீழ் ஐகன்களைக் காட்டும் தெரிவை நீக்கினால் அவையும் மறைந்துவிடும். பின்னணிக்கு ஒற்றை நிறமே போதும். அழகு வேண்டுமென்பவர்கள் கடற்கரைப் படமொன்றைப் போடலாம். மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் கடல் கோபித்துக்கொள்ளாது.