கணினி இட்ட மதிப்பெண்

மாணவர்களே, 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, போபாலில் இருந்த எனக்கு ஊரிலிருந்து தாய்மாமா ஒரு செய்தி அனுப்பினார். நிலவேம்பு கொரோனாவை ஒழிக்கும் எனக் கணினி மெய்ப்பித்துவிட்டதாம். இனி மருத்துவமனையே வேண்டாவாம். அவருக்கோ இரண்டு நாளாகக் காய்ச்சல்.

கணினி செய்தது என்ன? கொரோனா வைரஸ் தன் புரதங்களை முதலில் நீண்ட சங்கிலியாக உருவாக்கும். ஒரு நொதி அதனைத் துண்டுகளாக வெட்டினால்தான் வைரஸ் பெருகும். அந்நொதியின் வடிவத்தைச் சீன அறிவியலாளர் 2020இன் தொடக்கத்திலேயே கண்டறிந்து உலகுக்கு அளித்தனர். அதிலுள்ள குழியைப் பூட்டாகவும் மூலிகைச் சேர்மங்களைச் சாவிகளாகவும் கொண்டு, எது பொருந்துகிறது, எத்துணை இறுக்கமாகப் பற்றுகிறது என்று மென்பொருள் கணக்கிட்டு மதிப்பெண் இடும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடும் இவ்வாறு ஆராயப்பட்டது. சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட தரவுத்தளத்தில் 1742 இந்திய மூலிகைகளும் 9596 சேர்மங்களும் இடம்பெற்றன. இத்தனையையும் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆண்டுகள் பல ஆகும். கணினி விரைவில் சலித்துத் தரும். நாம் பெருமை கொள்ளத்தக்க பணி இது.

ஆயினும் கணினித் திரைக்கு வயிறு இல்லை, கல்லீரலும் இல்லை. மஞ்சளிலுள்ள குர்குமினைப் பாருங்கள். கணினியில் பற்பல புரதங்களோடு அது பொருந்தும். உண்டாலோ, குருதியில் சேர்வது மிகச் சிறிதளவே. குர்குமினைக் கொண்டு 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும் அது உறுதியான மருந்தாக நிலைபெறவில்லை என 2017இல் ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது. (நம் வீட்டுக் குழம்பிற்கு இதனால் இழுக்கில்லை!)

கணினியின் மதிப்பெண் நுழைவுத்தேர்வு மதிப்பெண் போன்றது. அதனைப் பட்டமாகக் கொள்ளலாகாது. மலேரியா வைரசால் வருவதன்று. எனினும் அதற்கு மருந்து கண்ட சீன அறிஞர் தூ யூயூ சென்ற வழி நமக்கும் உரியது. பழைய நூலிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து விலங்குகளுக்கும் சென்று, சாற்றைத் தாமே அருந்திப் பார்த்த பின்னரே நோயாளிக்கு அளித்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வாறு கூறினால் சித்த மருத்துவத்தை இழித்துரைப்பதாகச் சிலர் சினக்கின்றனர். மூலிகையைச் சோதிக்கவே கூடாது என்பவர்தாம் அதன் ஆற்றலை நம்பாதவர் என்பேன்.

அன்றே மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "குடிநீரைக் குடியுங்கள் மாமா; ஆனால் இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சென்றார், கையில் நிலவேம்புக் குடிநீர்க் குடுவையோடு.