களைப்புக்குக் குளிசை போட முதல்

எங்கட வயசு ஆக்கள் "இனி உடம்பைக் கவனிக்க வேணும்" என்று முடிவெடுத்தால் முதலில் வாங்குகிற சாமான் இரண்டு. ஒரு பெட்டி கிறீன் ரீ, ஒரு போத்தல் மல்ரிவிற்றமின். விடுதியில் அறைக்கு அறை இதைக் காணலாம். பக்கத்திலேயே முதல்நாள் இரவு சாப்பிட்ட நூடில்ஸ் கோப்பை கழுவாமல் இருக்கும். காலைச் சாப்பாடு மட்டும் இருக்காது. எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு கப் கிறீன் ரீ, ஒரு குளிசை. எல்லாச் சத்தும் உள்ளே போய்விட்டது என்ற நிம்மதி.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கிறீன் ரீ நல்ல பானம்தான், பிடித்தால் குடியுங்கோ. மல்ரிவிற்றமின், வேறு வருத்தம் ஒன்றும் இல்லாத இருபது வயசுக்காரருக்குப் பெரும்பாலும் வீண் காசு. ஆனால் எனக்குக் கோபம் வருவது காசை நினைத்து இல்லை. "எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு?" என்று ஒருத்தி கேட்க வேண்டிய இடத்தில் இந்த இரண்டும் வந்து குந்திக்கொள்கின்றன. கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

முதலில் தேத்தண்ணிக் கதை. கிறீன் ரீயும் எங்கட கன்ரீன் பிளேன் ரீயும் ஒரே செடியின் இலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றோடு தாக்கமடைய விட்டால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு ஆவியிலோ சூடான தட்டிலோ போட்டு அந்தத் தாக்கத்தை நிறுத்தினால் பச்சைத் தேயிலை. அவ்வளவுதான். பச்சையில் கட்டெக்கின் என்ற பொருட்கள் கூட இருக்கும். கறுப்பில் அவற்றில் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறிவிடும், அவையும் ஒன்றும் குப்பை இல்லை. என் அறைத்தோழி மலையகத்துப் பிள்ளை. ஒருநாள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா பறிக்கிற கொழுந்துதானே இதுவும்? கறுப்பா இருந்தா தேத்தண்ணி, பச்சையா இருந்தா மருந்தா?" எனக்குத் தெரிந்து கிறீன் ரீ பற்றி இதைவிட நல்ல விமர்சனம் இல்லை.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் 40,530 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு ஐந்து கப் அல்லது அதற்கு மேல் கிறீன் ரீ குடித்தவர்கள் இதய, குருதிக்குழாய் நோய்களால் சாவது குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2022இல் பிரித்தானியாவில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வும் இருக்கிறது. அங்கே எல்லாரும் குடிப்பது பெரும்பாலும் கறுப்புத் தேத்தண்ணி. நாளுக்கு இரண்டு கப் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களின் இறப்பு ஆபத்து 9 முதல் 13 வீதம் குறைவாக இருந்தது. அப்ப பச்சைக்கு என்ன விசேஷம்? இரண்டுமே ஆக்களைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள், குடிக்கச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தவை இல்லை. தேத்தண்ணி குடிக்கிறவர் வேறு விதங்களிலும் வித்தியாசமான ஆளாக இருக்கலாம்.

புற்றுநோய் வராமல் தடுக்குமா என்று 142 ஆய்வுகளை, 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்களின் தரவுகளை, ஒன்றாகப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2020இல் வந்தது. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மெலிவதற்கு? 2012இல் வந்த இன்னொரு கொக்ரேன் மீளாய்வு, குறைகிற நிறை கவனத்தில் எடுக்கிற அளவுக்கு இல்லை என்றது. கிறீன் ரீ பெட்டிகள் எங்கட பெட்டையளுக்கு விற்கப்படுவதே இடுப்பைக் காட்டித்தான் என்பதால் இதை நான் வேண்டுமென்றே சொல்லுகிறேன். அதே சாரத்தைச் செறிவாக்கி "கொழுப்பு கரைக்கும்" குளிசையாக விற்பது இன்னும் மோசம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல், அந்தச் சாரத்தில் உள்ள முக்கியமான கட்டெக்கின் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளிசையாகப் போனால் ஈரலைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறதுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

என்னைக் கேட்டால் கிறீன் ரீயில் இருக்கிற பெரிய நன்மை அதற்குள் இல்லாத ஒன்று. சீனி. யாரும் கிறீன் ரீக்குச் சீனி போடுவதில்லை. பிளேன் ரீக்கு நாங்கள் இரண்டு கரண்டி போடுவோம், நாலு கப் குடிப்போம். ஒரு கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. பிளேன் ரீயிலேயே சீனியைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது, பெட்டி வாங்கத் தேவையில்லை. அம்மம்மாக்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்பார்களே, அப்படிக் குடித்தாலும் பரவாயில்லை, ஒரு கரண்டியோடு நின்றுவிடும்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். தேத்தண்ணி, பச்சையோ கறுப்போ, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கீரையிலும் பருப்பிலும் கடலையிலும் இருக்கிற இரும்பு ஏற்கனவே உடம்பில் இலேசாகச் சேராது. இறைச்சி, மீனில் இருப்பது போல இல்லை அது. அந்தச் சாப்பாட்டோடு தேத்தண்ணியும் குடித்தால் சேருகிற கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்தப் பாதிப்பு நல்லாகக் குறையும். எலுமிச்சம்புளி மாதிரி விற்றமின் சி உள்ள ஏதாவது சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பு கூடச் சேரும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிகிற எங்கட வீட்டுப் பழக்கம் விஞ்ஞானப்படியும் சரிதான். சோறும் கீரையும் சாப்பிட்ட உடனேயே "சமிபாட்டுக்கு" என்று ஒரு கப் கிறீன் ரீ குடிப்பது அதற்கு நேர்மாறான வேலை.

இது ஏன் எங்களுக்கு முக்கியம்? மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் குருதி போகிறது. சிலருக்கு நிறையப் போகிறது, "எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லி அடக்கிவிடுவோம். மச்சம் விலை என்று மீன் குறைந்துவிட்டது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது எங்கட வீடுகளில் முதலில் குறைந்தது முட்டையும் மீனும் பால்மாவும்தான். விலையேற்றத்தின் வேகம் பிறகு குறைந்தது, ஏறின விலை முழுதாக இறங்கவில்லை, பழக்கமும் திரும்பி வரவில்லை. இப்படி வளர்ந்து வந்த ஒருத்தி படி ஏற மூச்சு வாங்குது, தலைமயிர் கொட்டுது, படிக்க இருந்தால் நித்திரை வருது என்கிறாள். அவளுக்கு நாங்கள் கொடுக்கிற ஆலோசனை: "ஒரு மல்ரிவிற்றமின் எடுத்துப் பாரன்."

அவளுக்குத் தேவையானது ஒரு முழுக் குருதிப் பரிசோதனை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் கீழே போனால் குருதிச்சோகை, ஆண்களுக்கு 13. பொடியளும் இதை வாசியுங்கோ. சேமிப்பில் இருக்கிற இரும்பு அதற்கு முதலே தீர்ந்துவிடலாம், அதைப் பார்க்க பெரிற்றின் என்று வேறு பரிசோதனை இருக்கிறது. உண்மையாகவே இரும்பு குறைவென்றால் மல்ரிவிற்றமினில் இருக்கிற அளவு பெரும்பாலும் காணாது, சிலதில் இரும்பே இல்லை. வைத்தியர் தருகிற இரும்புக் குளிசைதான் வேண்டும். மறுபக்கம், ஈமோகுளோபின் குறைவாக இருக்கிற எல்லாருக்கும் இரும்பு குறைவு என்றும் இல்லை. தலசீமியா எங்கட நாட்டில் இருக்கிற பரம்பரை நோய், அதன் காவிகளுக்கும் குருதி கொஞ்சம் குறைவாகக் காட்டும். அவர்கள் காரணம் தெரியாமல் இரும்பை விழுங்கிக்கொண்டிருப்பது நல்லதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போக எங்களுக்குக் காசு தேவையில்லை. வரிசையில் நிற்க அரைநாள் போகும். அந்த அரைநாளைத்தான் நாங்கள் போத்தலுக்குக் காசு கொடுத்து மிச்சம் பிடிக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருக்கா இரும்புக் குளிசை தந்தபோது வயிற்றைப் பிரட்டுது என்று யன்னலுக்கு வெளியே எறிந்த கூட்டம் இன்றைக்குப் பாமசியில் கலர் போத்தல் தேடுகிறது. சும்மா கிடைத்தால் மதிப்பில்லை போல.

விற்றமின்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டின வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் இழுத்து விழுந்தன, தவிடு போகாத அரிசியைக் கொடுத்தபோது எழும்பி நடந்தன. தவிட்டில் இருந்தது பின்னாளில் விற்றமின் பி1 என்று தெரியவந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'பெரிபெரி' என்ற சொல்லே "ஏலாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லில் இருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. (நெல்லை அவித்துப் புழுக்கும்போது பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடும். எங்கட புழுங்கலரிசியை நக்கலடிக்கிற ஆக்கள் குறித்துக்கொள்ளவும்.) குறைபாடு இருந்த இடத்தில் விற்றமின் மந்திரம் மாதிரி வேலைசெய்தது. குறைபாடே இல்லாத இடத்திலும் அதே மந்திரம் நடக்கும் என்று நம்பவைத்ததுதான் பிறகு வந்த வியாபாரம்.

நடக்கவில்லை. அமெரிக்காவில் 3,90,124 ஆரோக்கியமான ஆக்களை இருபது வருடத்துக்கு மேல் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. தினம் மல்ரிவிற்றமின் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் கூடக்காலம் வாழவில்லை. 14,641 ஆண் வைத்தியர்களுக்கு பதினொரு வருடமளவில் உண்மைக் குளிசையும் வெற்றுக் குளிசையும் பிரித்துக் கொடுத்த 2012 ஆய்வில் புற்றுநோய் 8 வீதம் குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதில் இருந்தவர்கள் 50 வயசுக்கு மேற்பட்டவர்கள். "எடுத்தால் நட்டம் இல்லைத்தானே" என்பதும் எப்போதும் சரியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட வந்தது. 1994இல் இது வெளிவந்தபோது காப்பாற்றும் என்று நினைத்துக் கொடுத்தவர்களே திகைத்துப்போனார்கள்.

தேவையான ஆக்கள் இருக்கிறார்கள். பிள்ளை பெற யோசிக்கிற பெண்ணுக்குக் கருத்தரிக்க முதலே போலிக் அமிலம் வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்பு வேண்டும். பாலும் முட்டையும்கூடத் தொடாத முழுச் சைவக்காரருக்கு பி12 வேண்டும். வயசு போனவர்கள், குடலில் வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டு எடுக்கட்டும். கவனித்துப் பார்த்தால் இதெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சத்து, காரணத்தோடு.

நாட்டுக்கே ஒரு சத்து குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கழுத்துக் கழலை பரவலாக இருந்த இந்த நாட்டில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். யாரும் அயடீன் போத்தல் வாங்கி மேசையில் வைக்கவில்லை. பணக்காரர், ஏழை எல்லாருடைய கறிச்சட்டிக்கும் அது போனது. அதே நாட்டில், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தேசிய மட்டத்தில் 17 வீதம், தோட்டப்புறங்களில் ஏறக்குறைய 32 வீதம். உலகம் முழுக்க "ஆரோக்கிய பானம்" என்று விலைப்படுகிற இலையைப் பறிக்கிற கைகளின் பிள்ளைகள் அவர்கள். என் அறைத்தோழியின் நக்கலுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அதனால் தனித்தனியாகப் போத்தல் வாங்குவதை விட்டு எங்கட வளாகத்தில் கேட்க வேண்டியதைக் கேட்போம். வெளிநாட்டு மல்ரிவிற்றமின் போத்தல் ஒன்றின் காசுக்கு ஒரு மாதம் நாளுக்கொரு முட்டை அவித்துச் சாப்பிடலாம். ஆனால் காலை ஏழரைக்குக் கன்ரீனில் முட்டை இருக்காது, முதல்நாள் ரோல்ஸ்தான் இருக்கும். மாணவர் ஒன்றியம் எத்தனையோ விஷயத்துக்குக் கடிதம் எழுதுகிறது. அடுத்த கடிதத்தில் மூன்று வரி சேர்க்கலாம். காலையில் அவித்த கடலையும் முட்டையும், கிழமையில் இரண்டு நாள் இலைக்கஞ்சி, புதுமுக மாணவர்களுக்குச் செய்கிற மருத்துவப் பரிசோதனையோடு ஒரு குருதிப் பரிசோதனை. இலைக்கஞ்சியும் பச்சைதான். இன்ஸ்ரகிராமில் போட்டாலும் வடிவாக இருக்கும்.