பகடையில் பிறந்த கதை இலக்கியமாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

"கதை என்பது வாழ்க்கையிலிருந்து பிறக்க வேண்டும், பகடையிலிருந்து பிறக்கலாமா?" இந்தக் கேள்வி எங்கள் விடுதியில் இவ்வாண்டு பல இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்தது. பகடையால் நாட்டை இழந்த தருமனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதைக்குள் பகடை வரலாம். பகடைக்குள்ளிருந்தே கதை வரலாமா என்பதுதான் வழக்கு.

வழக்குக்குக் காரணம், நண்பர் ஒருவர் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த ஓர் ஆங்கில நாவல். பெயர் 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் டுவைலைட்'. மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் என்னும் இருவர் சேர்ந்து எழுதி 1984இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதன் தொடர்ச்சியாக மேலும் இரண்டு நூல்கள் 1985இல் வந்தன. அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் அறைக்கு அறை கை மாறியது. நான் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு இருபது நாட்களில் படித்து முடித்தேன். மற்ற இரண்டையும் பிறகு தேடிப் படித்தேன்.

இந்த நாவலின் பிறப்பே வேடிக்கையானது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள்: ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். எடுத்த காரியம் வெல்லுமா தோற்குமா என்பதைப் பகடை சொல்லும். இந்த ஆட்டத்தை விற்ற டி.எஸ்.ஆர். நிறுவனம், 'டிராகன்லான்ஸ்' என்ற பெயரில் கிரின் என்னும் கற்பனை உலகத்தைப் படைத்தது. அவ்வுலகுக்கான ஆட்ட ஏடுகளையும் நாவலையும் 1984இலேயே வெளியிட்டது.

விடுதியில் கருத்துகள் மூன்றாகப் பிரிந்தன. இயற்பியல் நண்பர், "விறுவிறுப்பாகப் போகிறது, அது போதும்" என்றார். ஆங்கில இலக்கிய நண்பரோ, "ஒவ்வொரு பக்கத்திலும் பகடை உருளும் ஓசை கேட்கிறது. இது விற்பனைச் சரக்கு" என்றார். மூன்றாவது அணி, ரெய்ஸ்ட்லின் என்ற மந்திரவாதிக்கு ரசிகர் மன்றமே வைத்துவிட்டது.

குறை சொன்ன நண்பரின் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. முதல் நூலில் பாழடைந்த நகரத்துக்குள் நண்பர் குழு இறங்கும் பகுதி, ஒரு வரைபடத்தை விரல் வைத்துத் தொடர்வது போலவே இருக்கிறது. ஓர் அறை, ஓர் ஆபத்து. அடுத்த அறை, அடுத்த ஆபத்து. இரண்டாம் நூலைத் திறந்தால், இடையில் ஒரு பெரிய பயணமே நடந்து முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்! ஆட்ட ஏடுகளில் இருந்த அந்தப் பயணம் 2006இல்தான் தனி நாவலாக வந்தது.

எனக்கு வேறொரு குறையும் உண்டு. 'கல்லி ட்வார்ஃப்' என்றொரு குள்ள இனம் வருகிறது. அழுக்கும் அறியாமையும் நிறைந்த அவர்களுக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதாம். அதை வைத்தே பக்கம் பக்கமாக நகைச்சுவை. அறையிலிருந்தோர் சிரித்தார்கள், என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விரல் மடக்கிக் கூலிக் கணக்குப் பார்த்தவர் என் பாட்டி. எண்ணத் தெரியாதவரைக் கண்டு சிரிப்பதற்கு எழுத்தாளன் எதற்கு?

ஆனால் அந்த இடத்திலேயே இன்னொன்றையும் பார்த்தேன். எல்லோரையும் இகழும் ரெய்ஸ்ட்லின், பூபூ என்ற அந்தக் குள்ளப் பெண்ணிடம் மட்டும் உண்மையான பரிவு காட்டுகிறான். தன்னைப் போலவே பிறரால் இகழப்பட்ட உயிர் என்பதால்! வெறும் பகடையால் இதை எழுதியிருக்க முடியுமா?

இங்கேதான் கணித மாணவனாகிய நான் பகடைக்காக வாதாட விரும்புகிறேன். இந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய தன்மைகளை மூன்று பகடைகளை உருட்டித் தீர்மானிப்பது பழைய வழக்கம். மொத்தம் 216 வகையாக விழலாம். 18 விழுவது ஒரே ஒரு வகையில்தான். 10 அல்லது 11 விழுவதோ 54 வகைகளில். அதாவது, பேராற்றல் அரிது, நடுத்தரமே உலகம். உயிர்த் தாங்குதிறனுக்கும் பகடை உண்டு. அக்கால விதிப்படி ஒவ்வொரு படிக்கும் வீரனுக்குப் பத்துமுகப் பகடை; சராசரி 5.5. மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை; சராசரி 2.5. மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. மந்திரத்தைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை சொன்னால் மறந்துபோகும். மீண்டும் படிக்க வேண்டும். பரீட்சை எழுதும் நமக்கு இது புரியாததா?

இந்த வறண்ட விதியிலிருந்து எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? நான்குமுகப் பகடையை இருமி இருமி இரத்தம் துப்பும் ஓர் இளைஞனாக்கினார்கள். பத்துமுகப் பகடையை அவனுடைய இரட்டைச் சகோதரன் காரமன் ஆக்கினார்கள். ஒருவனுக்கு உடல், ஒருவனுக்குப் புத்தகம். தம்பி மந்திரம் சொல்லி முடிக்கும்வரை தமையன் வாளேந்தி முன்னே நிற்கிறான். இரவில் மருந்துக் கஷாயத்துக்கு வெந்நீர் வைக்கிறான். ஆட்டத்தில் இது தந்திரம். நாவலில் இது பாசம். பாசம் மட்டுமல்ல, ஒருவன்மேல் ஒருவன் சுமத்திய பாரம். பகடை ஓசை கேட்கிறது என்றாரே நண்பர், அந்த ஓசையிலிருந்துதான் நூலின் சிறந்த பகுதியே பிறந்திருக்கிறது என்பது என் துணிவு.

ரெய்ஸ்ட்லின் ரசிகர் மன்றத்தாருக்கும் ஒரு சொல். அவன் அறிவுக்காகத் தன் உடலையே விலையாகக் கொடுத்தவன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் நூலில் கப்பல் கடற்சுழலில் சிக்கும்போது, தன் மந்திரத்தால் தான் மட்டும் தப்பிப் போகிறானே, தமையனைச் சுழலுக்கு விட்டுவிட்டு! அந்தப் பக்கத்தை விடுதியில் கைதட்டிப் படித்தார்கள். "அறிவாளி அப்படித்தான் இருப்பான்" என்றார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். நெல் அரவை ஆலையில் மூட்டை தூக்குகிறார். என் விடுதிக் கட்டணமும், இதை எழுதும் பேனாவும் அந்தத் தோளிலிருந்து வந்தவை. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "என்னடா, பரீட்சைப் புத்தகமா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லத் தயங்கி, கதையைச் சொன்னேன். பூதங்களையும் டிராகன்களையும் அவர் பெரிதாகக் கேட்கவில்லை. கப்பல் சுழலில் சிக்கிய இடத்தில் மட்டும் நிறுத்தினார். "அப்புறம் அந்தத் தம்பி திரும்பி வந்தானா?" என்றார்.

எனக்கு விடை சொல்ல வரவில்லை. அவன் சந்திக்கிறான், உதவவும் செய்கிறான், ஆனால் கடைசியில் கறுப்பு அங்கி அணிந்து தமையனைப் பிரிந்தே போகிறான். அந்தக் கேள்வி எழுத்தாளர்களையும் விடவில்லை போலும். 1986இல் இந்த இரட்டையரை மையமாக வைத்தே மேலும் மூன்று நாவல்கள் எழுதினார்கள்.

நண்பர்களே, விமரிசனம் செய்யத் தெரியாத என் அண்ணன் கேட்ட கேள்வியைவிடச் சிறந்த விமரிசனத்தை எங்கள் விடுதியில் நான் கேட்கவில்லை. பாத்திரத்தின் கதி என்ன ஆயிற்று என்று ஒருவர் கவலைப்பட்டால், அங்கே கதை வென்றுவிட்டது. அது மேசையில் பிறந்ததா, மாளிகையில் பிறந்ததா என்ற ஆராய்ச்சி பிறகு.

பிறப்பைக் கேட்டு மதிப்பிடும் பழக்கத்தை நூல்களிடமும் நாம் காட்ட வேண்டாம். எந்த வீட்டிலிருந்து வந்தாய் என்று கேட்காமல் இக்கல்லூரி என்னை உள்ளே விட்டது. அந்த நீதியை ஒரு கிழிந்த புத்தகத்துக்கும் வழங்குவோம். குறை இருந்தால் சொல்வோம், படித்துவிட்டுச் சொல்வோம்.

அடுத்த விடுமுறையில் அந்த மூன்று நாவல்களின் கதையையும் அண்ணனிடம் சொல்லப் போகிறேன். அவர் கேட்ட கேள்விக்குக் கதையில் ரெய்ஸ்ட்லின் சொன்ன விடை எதுவாயினும், என் விடையை நான் முடிவு செய்துவிட்டேன்.