விடியற்கால வயிற்றுவலி: அலட்சியம் வேண்டாம்!



திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால் குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், குடல் அடைப்பு ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், வலி வயிற்றில் இருந்தாலும் காரணம் வேறிடத்தில் இருப்பதுண்டு. மாரடைப்பும், கட்டுமீறிய நீரிழிவும்கூட வயிற்றுவலியாகத் தோன்றலாம். அவ்வரிசையில் பலரும் எண்ணிப்பாராத ஒன்று, கட்டுவிரியன் கடி.

இப்பாம்பு இரவில் நடமாடுவது. எலி, பல்லி முதலியவற்றைத் தேடி வீட்டிற்குள் வரும். நகரின் ஓரங்களிலுள்ள கட்டுமானக் கொட்டகைகளிலும், தரைத்தள வீடுகளிலும், விடுமுறைக்குச் செல்லும் சொந்த ஊரிலும் பாய் விரித்து உறங்குவோரை இது தீண்டிவிடுகிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் தடயமும் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். ஆகவே கடிபட்டவர் அதனை அறிவதேயில்லை. சில மணி நேரத்தில் வயிற்றுவலியும் வாந்தியுமாக விழித்தெழுகிறார். "இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சோடாவும் மாத்திரையும் கொடுத்துக் காத்திருக்கும் அந்த நேரமே உயிரைப் பறிக்கும் நேரம்.

எவ்வாறு அறிவது? வயிற்று ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. இரத்தம் உறையும் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கும். ஆனால் கண் இமைகள் தாமாகத் தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்கவும் பேசவும் சிரமம் உண்டாகும், பின்பு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நோயாளியை மேல்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எண்களை எண்ணச் சொல்லுங்கள். இமை சரிந்தாலோ எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தாலோ, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே விரையுங்கள். "தரையில் படுத்திருந்தார்" என்பதை மருத்துவரிடம் மறவாமற் சொல்லுங்கள். நோயறிதலுக்கு அந்த ஒரு சொல்லே திறவுகோலாகலாம்.

நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்தபின் நச்சுமுறி மருந்தால் அதனைச் சீராக்க இயலாது. எனவேதான் விரைவு அவசியம். மூச்சு நின்றவர்கள்கூடச் செயற்கைச் சுவாசத்தின் உதவியால் சில நாட்களில் முழுமையாகத் தேறியதுண்டு. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், பச்சிலை வைத்தல் ஆகியவை வேண்டாம்.

கட்டிலில் உறங்குங்கள். இயலாதவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய் வலை, ஓர் உயிரைக் காக்கும்.