சாதனை வீரரை யாரும் அழைக்கவில்லை!

கல்லூரி ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் படைத்த சாதனையை அதற்குமுன் எவரும் படைத்ததில்லை. தொழில் அணிகள் ஆள் எடுக்கும் நாள் வந்தது. 253 பேரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் பெயரை மட்டும் யாரும் அழைக்கவில்லை!

இது கற்பனைக் கதை அல்ல. 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி. அந்த வீரரின் பெயர் கேஸ் கீனம்.

சாதனை படைத்த பிள்ளைக்கு வாழ்க்கை தானாகக் கதவைத் திறந்து விடும் என்று நாம் நம்புகிறோம். கதவு திறக்காவிட்டால், "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துக் கொள்கிறோம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. கீனம் கதையைக் கேளுங்கள்.

என்ன ஆட்டம் இது?

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. பெயர்தான் கால்பந்து, ஆட்டம் பெரும்பாலும் கையால்தான். பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பி இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் ஒருவர் கைக்கு வரும். அவர்தான் 'குவார்ட்டர்பேக்'. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடியில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரிகள் அவரைக் கீழே தள்ளப் பாய்ந்து வருவார்கள். பந்தை எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் 6 பாயிண்டு. அதற்கு 'டச் டவுன்' என்று பெயர்.

ஓர் அணிக்கு மூளையும் கையும் அந்தக் குவார்ட்டர்பேக்தான்.

11 மைல் எறிந்தவர்!

கீனம் டெக்சாஸ் மாநிலத்துப் பிள்ளை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 2007 முதல் 2011 வரை ஆடினார். 2010-ல் வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. அந்தப் பருவம் அதோடு போயிற்று. காயத்தை முன்னிட்டு மேலும் ஓராண்டு ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது.

அந்த ஓராண்டில் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அது பிரமாதம்! 48 டச் டவுன்களுக்குப் பந்து எறிந்தார். ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மட்டும் 9! அவருடைய அணி 14 ஆட்டங்களில் 13-ல் வென்றது.

கல்லூரி நாட்கள் முடிந்தபோது அவர் பெயரில் இருந்த கணக்கு: 19,217 கஜம், 155 டச் டவுன். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் உயர்ந்த பிரிவில் அதுவரை யாரும் தொடாத எல்லை அது. 19,217 கஜம் என்றால் ஏறக்குறைய 11 மைல்!

கடைசி ஆளும் அவர் அல்ல

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கில் 32 அணிகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கூடி, கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். முந்தின பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று நடக்கும்.

2012-ல் மூன்று நாள் தேர்வு நடந்தது. முதல் பெயர் ஆண்ட்ரூ லக். அவரும் குவார்ட்டர்பேக்தான். கடைசிப் பெயர், 253-வது ஆள், சாண்ட்லர் ஹார்னிஷ். அவரும் குவார்ட்டர்பேக்தான்! கடைசியாக எடுக்கப்படும் வீரரை 'யாரும் பொருட்படுத்தாத ஆள்' என்று வேடிக்கையாகப் பட்டம் சூட்டி அழைப்பது அங்கே வழக்கம். கீனத்துக்கு அந்தக் கேலிப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு 11 குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். சாதனையாளர் தேர்வாகவில்லை.

தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்களா? அல்ல. அவர்களுக்கும் நியாயம் இருந்தது. கீனம் உயரம் குறைந்தவர். முழங்காலில் அறுவை நடந்தவர். வயது 24 ஆகிவிட்டது. ஹூஸ்டன் அணியோ எப்போதும் பந்தை எறிந்தே ஆடுகிற அணி. அந்த முறையில் கணக்கு ஏறத்தான் செய்யும் என்றார்கள்.

அது உண்மையும்கூட. கல்லூரியில் பந்து பிடிப்பவனைச் சுற்றி வெற்றிடம் தாராளமாக இருக்கும். தொழில் ஆட்டத்தில் அது சுருங்கிவிடும். அங்கே எதிரில் நிற்கும் ஒவ்வொருவனும் தன் கல்லூரியில் சூரன். ஆகவே பழைய சாதனை என்பது ஓர் அறிமுகக் கடிதம்தான். அதைக் காட்டி உள்ளே போகக் கேட்கலாம். அதுவே சம்பளம் வாங்கித் தராது.

சொந்த ஊரிலேயே சிறுமை

கீனம் என்ன செய்தார்? அதே நகரத்தின் தொழில் அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸில் சேர்ந்தார். கிடைத்த இடம் பயிற்சிக் குழு. அடுத்த வாரம் மோதப் போகும் எதிரியைப் போல ஆடிக் காட்டி, சொந்த அணியைத் தயார் செய்வது அந்தக் குழுவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இடம் இல்லை. எந்த ஊரில் ராஜாவாக இருந்தாரோ, அதே ஊரில் இந்த நிலை!

2013 அக்டோபரில் வாய்ப்பு வந்தது. முதல் ஆட்டத்தில் 16-17 என்று ஒரே பாயிண்டில் தோல்வி. அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய எட்டு ஆட்டங்களிலும் தோல்வி! எட்டுக்கு எட்டு. 2014-ல் அணி அவரை விடுவித்தது. பிறகு ஆள் இல்லாமல் அதே ஆண்டு டிசம்பரில் திரும்ப அழைத்தது. அப்போதுதான் முதல் வெற்றி.

"என்னைத் தெரியவில்லையா? நான் 19,217 கஜம் எறிந்தவன்" என்று அவர் முறுக்கிக் கொண்டு நின்றிருந்தால் அந்த டிசம்பர் வந்தே இராது.

பத்து விநாடி

2017-ல் மினசோட்டா வைகிங்ஸ் அணியில் அவர் மாற்று ஆள். முதல் ஆள் காயம் பட்டதும் கீனம் இறங்கினார். அவர் தொடங்கிய 14 ஆட்டங்களில் 11 வெற்றி.

2018 ஜனவரி 14. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். நியூ ஆர்லியன்ஸ் அணி 24, மினசோட்டா 23. மீதி 10 விநாடி. எல்லைக் கோடு 61 கஜ தூரத்தில். கீனம் எறிந்தார். ஸ்டெஃபான் டிக்ஸ் எகிறிப் பிடித்தார், ஓடினார், கோட்டைத் தாண்டினார். கடிகாரம் நின்றது. 'மினியாபொலிஸ் அதிசயம்' என்று அதற்குப் பெயர் வந்தது.

அதற்கப்புறம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் அடுத்த வாரமே பிலடெல்பியாவிடம் 7-38 என்று தோல்வி. அணியும் அவரை வைத்துக் கொள்ளவில்லை. 2012 தேர்வில் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட கிர்க் கசின்ஸ் அவர் இடத்துக்கு வந்தார். கீனம் டென்வர், வாஷிங்டன், கிளீவ்லாந்து, பஃபலோ என்று ஊர் ஊராகப் போனார். 2023-ல் பழைய ஹூஸ்டனுக்கே திரும்பினார். 2025-ல் சிகாகோ அணி அவரை எடுத்தபோது வயது 37.

முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஆண்ட்ரூ லக் சிறந்த வீரர். ஆனால் காயத்தின் மேல் காயம். 2019-ல், 29 வயதில், ஆட்டத்தை விட்டே விலகினார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. முதல் பெயரை அழைத்தவர்களும் எதிர்காலத்தைக் கண்டவர்கள் அல்ல என்பதுதான் செய்தி. நிபுணர்கள் ஊகித்தாலும் ஊகம் ஊகம்தான்.

நம் வீட்டுக்கு என்ன?

கீனம் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. அதை மறைக்க வேண்டாம். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். ஆனால் வேண்டாம் என்று 32 அணிகளும் ஒதுக்கிய மனிதர், பத்தாண்டுக்கு மேல் அதே தொழிலில் நிலைத்தார். அதைச் சாதாரணமாக நினைக்க முடியுமா?

அவரைக் காப்பாற்றியது கல்லூரிக் கணக்கு அல்ல. முழங்கால் உடைந்த வருடத்தில் பழகிய பொறுமை. எட்டு தோல்விக்குப் பிறகும் மறுநாள் காலையில் பயிற்சிக்கு வந்து நின்ற பழக்கம். எந்த மதிப்பெண் பட்டியலிலும் இவற்றுக்கு ஒரு வரி கிடையாது.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை பரிசு வாங்கி வந்தால் மகிழுங்கள், சுவரில் மாட்டுங்கள். ஆனால் புதிய வேலைக்குப் போகும் முதல் நாளில் அதைத் தலையில் சுமந்து போக விடாதீர்கள். அவன் பெயரை முதல் நாள் யாரும் அழைக்கவில்லையா? திட்டாதீர்கள். சோறு போட்டு, சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்து போக வேண்டும் அல்லவா?