நாங்களும் நாமும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரை விலக்கிச் சொல்வது ‘நாங்கள்’. கேட்பவரையும் உடன் சேர்த்துக் கொள்வது ‘நாம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் சங்கம் அமைத்து வாழும் நமக்கு இவ்வேறுபாடு இலக்கணத்தோடு முடிந்துவிடுவதன்று. சங்க மண்டபத்தில் ‘நாம்’ என்கிறோம். அண்டை வீட்டாரிடம் ‘நாங்கள்’ என்கிறோம். பணியிடத்தில் எதைச் சொல்வதென்று சில வேளைகளில் தடுமாறுகிறோம். இத்தடுமாற்றத்தை நம்மினும் பன்மடங்கு கடுமையாக எதிர்கொண்ட ஒரு சங்கத்தின் கதையை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கிறோம். அஃது இலண்டன் பெருநகரக் காவற்படையின் கறுப்பினக் காவலர் சங்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல்லாயிரவர் பிரிட்டனில் குடியேறினர். ஆயினும் இலண்டன் காவற்படையில் அவர்களுக்கு நெடுநாள் இடமில்லை. 1967-இல் நார்வெல் இராபர்ட்ஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். 1968-இல் செவிலியராயிருந்த சிஸ்லின் ஃபே ஆலன் முதற் கறுப்பினப் பெண் காவலரானார். இருவரும் பட்ட பாடு சிறிதன்று. அம்மையாருக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. இராபர்ட்ஸோ உடன் பணிபுரிந்தோரின் இழிசொல்லையும் ஒதுக்கலையும் தாங்கியவாறே முப்பதாண்டுகள் பணியாற்றினார். இத்தகையோரை நிலையத்தில் அயலாராகப் பார்த்தனர். தெருவிலோ சொந்த இனத்தாருள் சிலர் துரோகி என்றனர். சீருடை அணிந்தவர்க்கு இரு பக்கமும் கதவு அடைபட்டிருந்தது.

1981-இல் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் காவலர்க்கும் கறுப்பின இளைஞர்க்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. அதனை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபு, சிறுபான்மையினரை மிகுதியாகப் படையில் சேர்க்க வேண்டுமென்றார். சேர்த்தனர், ஆனால் சேர்ந்தவர் பலர் நிலைக்கவில்லை. காரணம் அறிய விரும்பிய மேலதிகாரிகள், 1990-இல் கறுப்பின, ஆசியக் காவலர்களைப் பிரிஸ்டல் நகரில் கருத்தரங்குகளுக்கு அழைத்தனர். வெவ்வேறு நிலையங்களில் தனித்தனியே துன்பத்தை விழுங்கிக் கொண்டிருந்தவர்கள் அங்கு ஒருவர் கதையை ஒருவர் கேட்டனர். எல்லாக் கதையும் ஒன்றாயிருந்தது. அவ்வுறவிலிருந்தே 1994-இல் சங்கம் பிறந்தது. ‘கறுப்பினம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் தோலின் நிறத்தைப் பொருளாகக் கொள்ளவில்லை என்பது இந்தியராகிய நாம் கருதத்தக்கது. ஆப்பிரிக்கர், மேற்கிந்தியர், இந்தியத் துணைக்கண்டத்தார் என யாராயினும், இனவேற்றுமையின் கொடுமையை அனுபவித்து அதனை எதிர்க்கத் துணிந்தவர் அனைவரையும் அச்சொல்லுள் அடக்கினர்.

இச்சங்கத்திற்குச் சோதனைக் காலம் விரைவில் வந்தது. 1993 ஏப்ரல் 22 அன்று, ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயது கறுப்பின மாணவனைப் பேருந்து நிறுத்தத்தின் அருகே வெள்ளையர் கூட்டமொன்று குத்திக் கொன்றது. காவற்படையின் புலனாய்வு பிழைகள் மலிந்ததாயிருந்தது. பெற்றோரின் ஓயாத போராட்டத்தால், நீதிபதி மக்ஃபர்சன் தலைமையில் விசாரணை அமைந்தது. அங்கே சங்கம் வாய் திறக்குமா? திறந்தால் படையைக் காட்டிக் கொடுத்த பழி. திறவாவிடின் சொந்த மக்களைக் கைவிட்ட பழி.

சங்கம் வாய் திறந்தது. அதன் சார்பில் 1998-இல் இன்ஸ்பெக்டர் பால் வில்சன் சாட்சியம் அளித்தார். கறுப்பின மக்கள் வேறுவிதமாக நடத்தப்படுவதற்கு ஒரு சில தீயவர் மட்டும் காரணமல்லர். படைக்குள் ஊறிப்போன தொழிற்பண்பாடே அதன் ஊற்று என்றார். அவர் சொன்னவற்றுள் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அக்குற்றத்தை ‘அவர்கள்’ மேல் ஏற்றாமல், ‘நாங்கள்’ என்றே பேசினார். கறுப்பர் வெள்ளையர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் அப்பண்பாடு விழுங்கிவிடுகிறது என்று தம்மையும் சேர்த்தே சொன்னார். பிறரைக் குற்றஞ்சாட்டுதல் எளிது. குற்றத்துள் தம்மையும் வைத்துச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1999 பிப்ரவரியில் வெளிவந்த மக்ஃபர்சன் அறிக்கை அச்சாட்சியத்தை எடுத்தாண்டு, நிறுவனத்தில் ஊன்றிய இனவேற்றுமை என்ற நோய்க்கு இலக்கணம் வகுத்தது. 70 பரிந்துரைகளை அளித்தது. மறு ஆண்டே இனவுறவுச் சட்டம் திருத்தப்பட்டுக் காவற்படைகளும் அதன் வரம்புக்குள் வந்தன. ஸ்டீபனைக் கொன்றவருள் இருவர் 2012-இல் தண்டனை பெற்றனர்.

சங்கத்தின் தொண்டு சாட்சியத்தோடு நிற்கவில்லை. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான லிராய் லோகன் முதலில் ஆராய்ச்சிக் கூடத்து அறிவியலாளர். அவருடைய தந்தையைக் காவலர்கள் அடித்துக் காயப்படுத்தியிருந்தனர்; அதன் பின்னும், 1983-இல் அவர் அதே காவற்படையில் சேர்ந்தார். தந்தைக்கு அது எத்துணைப் பெரிய அதிர்ச்சியாயிருந்திருக்கும் என்பதைப் பெற்றோர் உணர்வர். அவரும் தோழர்களும் சங்கத்தின் வழியே ஓர் அறக்கட்டளை நிறுவி, கறுப்பின இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளித்தனர். தெருவில் நிறுத்திச் சோதிக்கும் காவலரையன்றி வேறு காவலரை அறியாத பிள்ளைகள், தம் குரலைக் கேட்கும் காவலரையும் கண்டனர்.

இச்சங்கம் குறையற்றது என்று நாம் புனைந்துரைக்க மாட்டோம். 2008-இல் தலைமையோடு மூண்ட பூசலில், சிறுபான்மையினர் படையில் சேர வேண்டா என்று அது பிரசாரம் செய்தது. எந்தக் கதவைத் திறக்கப் பிறந்ததோ அதையே அடைக்கலாமா என்று பலர் வினவினர். தேசியச் சங்கத்தின் தலைவராயிருந்த ஒருவர் பதவியைத் தவறாகப் பயன்படுத்திச் சிறை சென்றதும் உண்டு. நோயும் முற்றும் நீங்கவில்லை. 2023-இல் லூயிஸ் கேசி அம்மையாரின் ஆய்வு, இலண்டன் காவற்படையில் இனவேற்றுமை இன்னும் ஊன்றியிருக்கிறது என்றே முடிவு கூறியது. எனினும் அச்சங்கம் இல்லாதிருந்தால், உள்ளிருந்தே அந்நோயைப் பெயர் சொல்லி அழைக்க எவர் இருந்திருப்பர்?

நம் பிள்ளைகளும் குடியேறிய ஊர்களில் காவலராய், வங்கி ஊழியராய், இரயில்வே அலுவலராய்ப் பணி ஏற்கின்றனர். சீருடையோடு சங்கத்து விழாவுக்கு வரும் பிள்ளையிடம், ‘நீ இப்போது அவர்கள் பக்கம்’ என்று விளையாட்டாகச் சொல்வதையும் கேட்கிறோம். அச்சொல்லை விடுத்து அவனை ‘நாம்’ என்று சேர்த்துக் கொள்வது நம் கடமை. அவன் பணிபுரியும் இடத்தில் அநீதி நேர்ந்தால், அதை ‘நாங்கள் செய்தது’ என்று துணிந்து சொல்வது அவன் கடமை. முன்னதை நாம் செய்தால்தான் பின்னதை அவனிடம் எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.